வானிலிருந்து ஒரு தீவு: கவாயில் ஹெலிகொப்டர் சுற்றுலா

ஹெலிகொப்டர் என்றதும் எம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது படையினரும் வெள்ள நிவாரணமும்தான். ஆனால் உலகின் பல வெப்பவலயத் தீவுகளில் அது உல்லாசப் பயணிகளின் வாகனமாகவும் இருந்து வருகின்றது. கடற்கரை விடுதியில் நான்கு நாள் தங்குபவர்கள் ஒரு நாள் காலையில் ஒரு மணி நேரம் வானில் சுற்றி வந்து, அந்த விடுமுறையின் மிகப் பெரிய அனுபவம் அதுவே என்று சொல்வதுண்டு. பசுபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகள் இத்தகைய பயணங்களுக்குப் பேர்போனவை. அவற்றுள்ளும் கவாய்த் தீவுக்குத் தனி இடம் உண்டு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் பிள்ளைகள் தாய் தந்தையரை அழைத்து விடுமுறைக்கு ஹவாய் கூட்டிச் செல்வது இன்று அரிதான செய்தியல்ல. "அம்மா, ஹெலிகொப்டரில் போவோமா?" என்ற கேள்வி அப்போது எழத்தான் செய்யும். போகலாம் என்றோ வேண்டாம் என்றோ பதில் சொல்வதற்கு முன், அந்தப் பயணத்தில் எதைக் காண்கிறோம், எந்த ஆபத்து அதனுடன் வருகின்றது, அதில் எமது பொறுப்பு என்ன என்பதை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருப்பது நல்லது.

பாதை முடியும் இடம்

ஹவாயின் பெரிய தீவுகளில் வடக்கே அமைந்ததும் வயதில் மூத்ததும் கவாய். எரிமலைக் குழம்பிலிருந்து சுமார் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உருவானது. பரப்பளவு ஏறத்தாழ 1,430 சதுர கிலோமீற்றர். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 73,000 பேர் வரையில் அங்கு வாழ்கின்றனர். மரமும் கொடியும் பூவும் நிறைந்திருப்பதால் அதனைத் 'தோட்டத் தீவு' என அழைப்பர்.

இத்தீவைச் சுற்றி முழுமையாக ஓடும் பாதை ஒன்று இல்லை. வடக்கில் ஹாயெனா என்ற இடத்தோடு நெடுஞ்சாலை முடிந்துவிடும். மேற்கில் போலிஹலே கடற்கரைக்கு அப்பால் வாகனம் செல்லாது. இவ்விரண்டுக்கும் இடையில் கிடப்பதுதான் நா பாலிக் கரை. ஹவாய் மொழியில் 'பாலி' என்றால் செங்குத்துப் பாறை. சுமார் 25 கிலோமீற்றர் தூரத்துக்குப் பச்சைச் சுவர்கள் போல மலைகள் நேரே கடலிலிருந்து எழுந்து நிற்கின்றன. சில இடங்களில் அவற்றின் உயரம் 1,000 மீற்றரையும் தாண்டும். கால்நடையாகச் செல்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஹாயெனாவிலிருந்து கலலாவ் பள்ளத்தாக்கு வரை ஏறத்தாழ 18 கிலோமீற்றர் நீளும் ஒற்றையடிப் பாதை அது. மழை பெய்தால் வழுக்கும். ஆறுகள் பெருகினால் இடைநடுவில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அனுமதிச் சீட்டும் தேவை.

தீவின் நடுப்பகுதியும் அப்படித்தான். மலையும் சதுப்பும் அடர்காடுமாக இருப்பதால் அங்கு பாதை போட முடியவில்லை. தீவின் பெரும்பகுதியைக் கண்ணால் காண வேண்டுமானால் வானில்தான் செல்ல வேண்டும். வயது சென்றவர்களும் நீண்ட தூரம் நடக்க இயலாதவர்களும் ஹெலிகொப்டரை விரும்புவதற்கு இதுவே காரணம்.

புறப்படுவதற்கு முன்

பெரும்பாலான பயணங்கள் தீவின் பிரதான நகரான லிஹுவேயின் விமான நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. பயணம் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். ஒருவருக்கு முந்நூறு அமெரிக்க டொலரும் அதற்கு மேலும் அறவிடப்படும். பொதுவாக ஒரு விமானியும் ஆறு பயணிகளும் ஏறக்கூடிய ஹெலிகொப்டர்களே பாவனையில் உள்ளன. நான்கு ஆசனங்கள் மட்டும் கொண்ட சிறியவையும் உண்டு.

பயணத்தைப் பதிவு செய்யும்போது ஒவ்வொருவருடைய நிறையையும் கேட்பார்கள். அன்றைய தினம் மறுபடியும் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். எமது பெண்களுக்கு இது சற்றுச் சங்கடமான விடயம். அந்நியர் முன்னிலையில் தராசில் ஏற வெட்கப்பட்டு, ஐந்தாறு கிலோவைக் குறைத்துச் சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. எவ்வளவு எரிபொருள் ஏற்றலாம், யார் முன்னால் இருப்பது, யார் பின்னால் இருப்பது என்பவையெல்லாம் அந்த எண்களை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன. பாரம் ஒரு பக்கம் கூடினால் ஹெலிகொப்டரின் சமநிலை பாதிக்கப்படும். கணவனும் மனைவியும் அடுத்தடுத்து அமர முடியாமற் போவதற்கும், 'யன்னலோரம் எனக்கு' என்று கேட்டும் கிடைக்காமற் போவதற்கும் காரணம் இதுதான். நிறை மிக அதிகமானவர்களுக்கு, பெரும்பாலும் 110 கிலோ அளவுக்கு மேற்பட்டவர்களுக்கு, பக்கத்து ஆசனத்துக்கும் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

அடுத்து இடுப்பில் ஒரு சிறிய பை கட்டப்படும். அதற்குள் மடிக்கப்பட்டிருப்பது உயிர்காப்பு அங்கி. கடலில் இறங்க நேர்ந்தால் அதனை அணிந்து காற்று நிரப்ப வேண்டும். ஹெலிகொப்டருக்கு வெளியே வந்த பின்னரே காற்று நிரப்ப வேண்டும் என்பதை மறக்கலாகாது. உள்ளே இருக்கும்போதே நிரப்பினால் அது உடலை மேலே தள்ளி வாசலை அடையவிடாது. இதனை விளக்கும் சிறு ஒளிப்படக் காட்சியைப் போடுவார்கள். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்தச் சில நிமிடங்கள் கவனிப்பது பயணிகள் தமக்கே செய்துகொள்ளும் நன்மையாகும்.

வானிலிருந்து காணும் காட்சிகள்

மேலெழும்பியதும் காதில் மாட்டிய கருவியில் விமானியின் குரல் கேட்கும். முதலில் தெற்குக் கரையோரமாகச் சென்று ஹனபேபே பள்ளத்தாக்கினுள் நுழைவது வழக்கம். அங்கு மனவையோபுனா என்னும் நீர்வீழ்ச்சி நூறு மீற்றருக்கு மேல் உயரத்திலிருந்து விழுகின்றது. 1993இல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் ஹெலிகொப்டர் தரையிறங்கும் காட்சியில் வருவது இந்த நீர்வீழ்ச்சிதான். அப்படப்பிடிப்பின் கடைசி நாட்களில், 1992 செப்டெம்பர் 11ஆம் திகதி, 'இனிகி' என்ற கடும் புயல் கவாயைத் தாக்கிப் பெரும் அழிவை ஏற்படுத்தியது. படக் குழுவினரும் விடுதியில் சிக்கிக்கொண்டனர்.

பின்னர் வைமெயாப் பெரும்பள்ளம். 'வைமெயா' என்றால் செந்நீர் என்று பொருள். ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளமும் 900 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமும் கொண்ட இப்பள்ளத்தில் சிவப்பு, மஞ்சள், கபிலம், பச்சை என மண்ணும் செடியும் அடுக்கடுக்காகத் தெரியும். இதனைப் பாதையோரக் காட்சிமேடைகளில் நின்றும் பார்க்கலாம். ஆயினும் மேலே பறக்கும்போதுதான் பக்கத்துப் பள்ளங்களையும் அவற்றை அறுத்துச் சென்ற ஆறுகளையும் ஒருசேரக் காண முடிகின்றது.

மலைமுகட்டைக் கடந்தவுடன் நிலம் திடீரெனக் காலுக்குக் கீழே இல்லாமற் போகும், எதிரே கடல். அதுவே நா பாலிக் கரை. கூர்மையான மலைமுதுகுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் கடற்குகைகளும் மாறி மாறி வரும். அதனைத் தாண்டினால் ஹனலேய் விரிகுடாவும், அதன் பின்னால் சதுரம் சதுரமாக நீர் தேங்கிய சேம்பு வயல்களும். சேம்பு ஹவாய் மக்களின் பரம்பரை உணவு. அக்கிழங்கை அவித்து இடித்துச் செய்யும் 'போய்' எனும் களி இன்றும் அவர்களது விருந்துகளில் இடம்பெறுகின்றது.

கடைசியில் வையாலேயாலே மலை. 1,569 மீற்றர் உயரமான இம்மலை உலகில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 9,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. முகில் விலகிய நாட்களில் ஹெலிகொப்டர் அதன் கிழக்கு முகத்திலுள்ள பெரும் குடைவினுள் நுழையும். மூன்று பக்கமும் பச்சைச் சுவர். அச்சுவரில் எண்ண முடியாத அளவுக்கு மெல்லிய நீர்வீழ்ச்சிகள்.

இம்மலையில் பிறக்கும் வைலுவா ஆற்றின் கரையில் எமக்கு நெருக்கமான ஓரிடம் இருக்கின்றது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949இல் தீட்சை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் நிறுவிய கவாய் ஆதீனமே அது. கருங்கல்லில் செதுக்கப்பட்ட இறைவன் கோயிலும் அங்குள்ளது. இத்தனை தூரத்தில், பசுபிக் தீவொன்றில், யாழ்ப்பாணத்தின் பெயர் நாள்தோறும் சொல்லப்படுகின்றது என்பது பலரும் அறியாத செய்தி.

பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஒரு பெண்

நா பாலிக் கரையில் எல்லோரும் கமராவைத் தூக்கும் இடம் கலலாவ் பள்ளத்தாக்கு. ஹெலிகொப்டர் அதனை இரண்டொரு நிமிடங்களில் கடந்துவிடும். அங்கே பியிலானி என்ற பெண் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக மறைந்து வாழ்ந்தாள் என்பதை மேலிருந்து பார்ப்பவர்கள் அறிய வழியில்லை.

ஹவாயில் தொழுநோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, மொலோகாய்த் தீவிலுள்ள கலாவ்பாபாக் குடியிருப்புக்கு அனுப்பும் சட்டம் 1865இல் இயற்றப்பட்டது. போனவர்களிற் பலர் திரும்பி வரவில்லை. கவாயின் மேற்குக் கரையில் மாடு மேய்க்கும் தொழில் செய்த கோவோலாவ் என்பவரையும் அந்நோய் பீடித்தது. மனைவி உடன் வருவதானால் போகத் தயார் என்றார் அவர். அது மறுக்கப்பட்டது. கணவனும் மனைவியும் கலேயிமனு என்ற சிறு மகனும் மலைமுகட்டைத் தாண்டி, செங்குத்தான வழியாகக் கலலாவ் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள்.

1893 ஜனவரியில் ஹவாய் அரசி லிலியுஒகலானி பதவியிலிருந்து அகற்றப்பட்டார். புதிய ஆட்சியாளர் இவ்விடயத்தில் கடுமை காட்டினர். பிடிக்க வந்த அதிகாரியைக் கோவோலாவ் சுட்டுக் கொன்றார். அதன்பின் படையினர் பீரங்கியுடன் வந்தனர். அவர்களிலும் சிலர் இறந்தனர். ஆனால் அக்குடும்பத்தைப் பிடிக்க முடியவில்லை. காட்டில் கிடைத்ததை உண்டு, இடம் மாறி மாறி அவர்கள் வாழ்ந்தார்கள். நோய் கண்டிருந்த மகன் முதலில் இறந்தான். பின்னர் கணவனும் இறந்தார். இருவரையும் பியிலானியே அடக்கம் செய்தாள். அதன் பின்னரே தனியாக மலையேறித் தன் ஊருக்குத் திரும்பினாள். அவளை நோய் தொற்றவேயில்லை.

அவள் சொன்ன கதை 1906இல் ஹவாய் மொழியில் நூலாக வெளிவந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனும் கோவோலாவை வைத்துச் சிறுகதை எழுதினார். நோயாளரைப் பிரித்து வைக்கும் அந்த நடைமுறை 1969இல்தான் முற்றாகக் கைவிடப்பட்டது. இதனைத் தெரிந்துகொண்டு கலலாவைப் பார்ப்பவருக்கு அது வெறும் அழகான பள்ளத்தாக்காக மட்டும் தோன்றாது.

அழகைத் தரும் முகிலே ஆபத்தையும் தருகின்றது

கவாயின் பசுமைக்கும் நீர்வீழ்ச்சிகளுக்கும் மூலகாரணம் வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று. கடலில் ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் அக்காற்று மலையில் மோதி மேலெழுகின்றது. உயரச் செல்லச் செல்லக் குளிர்ந்து முகிலாகி மழையாகக் கொட்டுகின்றது. மலையைக் கடந்து மேற்கே இறங்கும்போது ஈரம் தீர்ந்துவிடும். அதனால் வையாலேயாலேயிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு உட்பட்ட மேற்குக் கரையில் ஆண்டுக்கு 500 மில்லிமீற்றர் அளவே மழை பெய்கின்றது. விமான நிலையத்தில் வெயில் எறிக்கும் அதே நேரத்தில் மலைமுகட்டில் எதுவும் தெரியாத முகில் மூடியிருக்கும். பத்து நிமிடத்தில் திறந்த பள்ளத்தாக்கு அடுத்த பத்து நிமிடத்தில் அடைபட்டும் போகலாம்.

சுற்றுலா ஹெலிகொப்டர்கள் விமானி கண்ணால் வெளியே பார்த்துச் செலுத்தும் முறையில் பறப்பவை. முகிலுக்குள் நுழைந்துவிட்டால் எது மேல், எது கீழ் என்பதை உடல் சரியாக உணராது. சமநிலையை உணர்த்தும் உட்காது தவறான செய்தியைத் தரும். எதிரே இருப்பது மலைச் சுவர் என்றால் திருத்திக்கொள்ள நேரம் இராது.

இது வெறும் அச்சமூட்டும் பேச்சல்ல. 2004 செப்டெம்பரில் சுற்றுலா ஹெலிகொப்டர் ஒன்று வையாலேயாலே மலையில் மோதி, விமானியும் பயணிகள் நால்வரும் இறந்தனர். 2019 டிசெம்பர் 26ஆம் திகதி, நத்தாருக்கு அடுத்த நாள், இன்னொரு ஹெலிகொப்டர் நா பாலிக் கரைக்கு அண்மையிலுள்ள மலைமுதுகில் மோதியது. விமானியும் பயணிகள் அறுவரும் உயிரிழந்தனர். பயணிகள் இரு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2022இல் தன் முடிவை வெளியிட்டது. மோசமாகிக்கொண்டிருந்த வானிலைக்குள் தொடர்ந்து பறப்பதென விமானி எடுத்த முடிவே விபத்துக்குக் காரணம் என்றது. அதிகாரிகளின் மேற்பார்வைக் குறைவையும், மலைப்பகுதியின் வானிலையை முன்கூட்டியே காட்டும் கமராக்கள் இல்லாதிருந்ததையும் சுட்டிக்காட்டியது. விபத்துக்குப் பின்னர் ஹவாய்த் தீவுகளில் அத்தகைய கமராக்கள் பொருத்தப்பட்டன.

எல்லா விபத்துக்கும் முகில் காரணமல்ல. 2005 செப்டெம்பரில் கடும் மழைக்காற்றில் சிக்கிய ஒரு ஹெலிகொப்டர் ஹாயெனாவுக்கு அருகே கடலில் விழுந்து மூன்று பயணிகள் நீரில் மூழ்கி இறந்தனர். 2007 மார்ச்சில் பராமரிப்புக் குறை காரணமாக ஒன்று தரையில் மோதி நால்வர் மாண்டனர். 2024 ஜூலையில் நா பாலிக் கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்த சிறிய ஹெலிகொப்டரில் மூவர் உயிரிழந்தனர். இவற்றுக்கிடையே பல ஆயிரக்கணக்கான பயணங்கள் எந்தக் குறையுமின்றி முடிந்துள்ளன என்பதும் உண்மையே. ஆனால் விபத்து நேரும்போது குடும்பமே ஒன்றாகப் பாதிக்கப்படுகின்றது.

பயணிக்கும் பங்கு உண்டு

விமானிதானே தீர்மானிப்பவர், நாம் என்ன செய்வது என்று கேட்கலாம். விமானியும் மனிதரே. முந்நூறு டொலர் கொடுத்து, வெகு தூரம் வந்து, 'நா பாலியைக் காட்டாமல் திருப்பிவிட்டீர்களே' என்று முகம் சுளிக்கும் பயணிகளை அவர் தினமும் சந்திக்கின்றார். பின்னால் அடுத்த குழு வரிசையில் காத்திருக்கின்றது. நாளைக்குத் திரும்பும் விமானம், அதனால் இன்றே பார்த்தாக வேண்டும் என்கின்றது ஒரு குடும்பம். இந்த அழுத்தம் வாய்விட்டுச் சொல்லப்படாவிட்டாலும் அவரை எட்டத்தான் செய்யும்.

ஆகவே பயணி செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, திரும்பிப் போவதை ஏற்றுக்கொள்வதாகும். "முகிலாக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், எமக்குக் குறையில்லை" என்று ஏறும்போதே சொல்லிவிடலாம். இப்படிச் சொல்லும் ஒரு வசனத்துக்கு எந்தக் கட்டணமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. குடும்பத்தில் ஏதோ மனதுக்குச் சரியில்லை என்று முதலில் உணர்பவள் பல வேளைகளில் தாய்தான். "எல்லாரும் சந்தோஷமாக வந்திருக்கிறோம், நீங்கள் மட்டும் ஏன் பயப்படுகிறீர்கள் அம்மா?" என்ற கேள்விக்கு முன் அவள் வாயை மூடிக்கொள்கின்றாள். காசு வீணாகிவிடும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கின்றது. வானம் இருண்டிருந்தால், விமானி களைத்திருப்பதாகத் தெரிந்தால், கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் வராவிட்டால், "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டு நடப்பது பிள்ளைகளின் கடமை.

கீழே வாழ்பவர்கள்

மேலிருப்பவருக்கு ஒரு மணி நேரம். கீழே வாழ்பவருக்கு அது நாள் முழுவதும். காலையிலிருந்து மாலை வரை வீட்டுக் கூரைக்கு மேலாகச் செல்லும் ஹெலிகொப்டர் சத்தம் பற்றி ஹவாய் மக்கள் நீண்ட காலமாக முறையிட்டு வருகின்றனர். மூதாதையர் அடக்கம் செய்யப்பட்ட பள்ளத்தாக்குகளையும் வழிபாட்டுக்குரிய மலைகளையும் பூர்வீகக் குடிகள் புனிதமாகக் கருதுகின்றனர். அவற்றின் மேல் வேடிக்கை பார்க்கப் பறப்பது அவர்களுக்கு மனவருத்தத்தைத் தருகின்றது.

1994இல் ஹவாய்க்கென வகுக்கப்பட்ட விசேட விதிகளின்படி சுற்றுலா ஹெலிகொப்டர்கள் பொதுவாக 1,500 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது. தனி அனுமதி பெற்றவர்களுக்குச் சில இடங்களில் தளர்வு உண்டு. ஹவாயின் பெரிய தீவிலுள்ள எரிமலைத் தேசியப் பூங்காவின் மேலாக ஆண்டுக்குப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பறப்புகள் நடந்து வந்தன. அவற்றை 1,548 ஆகக் குறைக்கும் திட்டம் 2024 தொடக்கத்தில் அங்கீகரிக்கப்பட்டது. இதற்குப் பின்னால் ஊர்மக்களின் பல ஆண்டு முயற்சி இருக்கின்றது.

அதே மக்களுக்கு ஹெலிகொப்டர் கைகொடுத்த நாட்களும் உண்டு. 2018 ஏப்ரலில் கவாயின் வடகரையில் 24 மணி நேரத்தில் 1,262 மில்லிமீற்றர் மழை கொட்டியது. அமெரிக்காவில் பதிவான மிகக் கூடிய ஒருநாள் மழைவீழ்ச்சி அதுவே. மண் சரிந்து ஹாயெனாப் பாதை அடைபட்டபோது நூற்றுக்கணக்கானோரை ஹெலிகொப்டர்களே மீட்டு வந்தன.

போவதென்று முடிவு செய்தால்

• விடுமுறையின் முதல் நாட்களிலேயே பதிவு செய்யுங்கள். வானிலை சரியில்லாவிட்டால் வேறொரு நாளுக்கு மாற்ற அவகாசம் இருக்கும். பயணம் நிறுத்தப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முன்னரே கேளுங்கள்.

• விலை குறைவு என்பதை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். விமானிக்கு அத்தீவில் எத்தனை ஆண்டு அனுபவம், நிறுவனத்துக்கு முன்னர் விபத்து நேர்ந்ததா என்று கேட்பதில் தவறில்லை. விபத்து அறிக்கைகள் யாரும் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்பட்டுள்ளன.

• காலைப் பயணம் நல்லது. பெரும்பாலும் அப்போது காற்று அமைதியாக இருக்கும்.

• உண்மையான நிறையையே சொல்லுங்கள்.

• கர்ப்பிணிகளும் இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், காது நோய் உள்ளவர்களும் வைத்தியரின் ஆலோசனை பெறாமல் ஏற வேண்டாம்.

• வாகனத்தில் வாந்தி, தலைச்சுற்று வருபவர்களுக்கு ஹெலிகொப்டரிலும் வரலாம். வயிறு புடைக்க உண்ணாமல், வெறும் வயிற்றோடும் இராமல், இலேசான உணவு உட்கொள்ளுங்கள்.

• ஆழ்கடலில் வாயு உருளையுடன் சுழியோடியவர்கள் குறைந்தது 18 முதல் 24 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும். உடனே பறந்தால் இரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டாகி உயிராபத்து நேரலாம்.

• சேலை, நீண்ட துப்பட்டா, தொப்பி ஆகியவற்றைத் தவிருங்கள். சுழலும் விசிறியின் காற்று இவற்றைப் பறித்துச் செல்லும். தலையை மூடுபவர்கள் துணியை இறுக்கமாகக் குத்தி உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். கடும் நிற ஆடை அணிந்தால் கண்ணாடியில் பிரதிபலிப்புக் குறைந்து காட்சி தெளிவாகத் தெரியும்.

• பணியாளர் அழைக்கும் வரை ஹெலிகொப்டரை நெருங்க வேண்டாம். வால் பக்கமாக ஒருபோதும் செல்ல வேண்டாம். சிறுவர்களின் கையைப் பிடித்தபடியே நடவுங்கள்.

• கதவு கழற்றிய ஹெலிகொப்டரில் பறப்பதானால், கட்டப்பட்ட பட்டியை உதவியின்றி நீங்களே கழற்ற முடியுமா என்று தரையிலேயே செய்து பாருங்கள். 2018 மார்ச்சில் நியூயோர்க் நகர ஆற்றில் வீழ்ந்த கதவற்ற ஹெலிகொப்டரில் பயணிகள் ஐவரும் பட்டியைக் கழற்ற முடியாமல் மூழ்கி இறந்தனர். விமானி மட்டுமே தப்பினார்.

ஒரு தீவை வானிலிருந்து பார்ப்பது பெரும் பேறுதான். பாதையில்லாத கரையையும் மழை பிறக்கும் மலையையும் வயது சென்ற ஒரு தாய் நடக்காமலே கண்டுவிட முடிகின்றது. அக்காட்சிக்காகப் பணம் சேர்ப்பவர்கள், பயணத்தைக் கைவிடும் மனத்தையும் சேர்த்து எடுத்துச் செல்லட்டும். முகில் விலகாத நாளில் கடற்கரை மணலில் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்திருப்பதும் விடுமுறையே. மலை அங்கேயே இருக்கும்; இன்னொரு காலையில் பார்த்துக்கொள்ளலாம்.